கொழும்பு குலுங்கினால்: கரையோர நகரில் நிலநடுக்கம் என்னென்ன செய்யும்?

2012 ஏப்ரல் 11 பிற்பகல், சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. கொழும்பின் உயர்ந்த கட்டடங்களில் இருந்தவர்கள் ஆட்டத்தை உணர்ந்து வெளியே வந்தார்கள். சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் உள்ளே நகர்ந்தார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று. பெரிய அலை மட்டும் வரவில்லை. மேல்மாடியில் ஆடியது நிலத்தில் நின்றவருக்கு ஏன் தெரியவில்லை, 2004இல் வந்த அலை 2012இல் ஏன் வரவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், நிலநடுக்கம் ஒரு கரையோர நகரை என்ன செய்யும் என்பதில் பாதி விளங்கிவிடும்.

2004க்குப் பிறகு நம்மவர்களுக்கு நிலநடுக்கம் என்றாலே கடல்தான் நினைவுக்கு வருகிறது. அது பாதி அறிவு. மற்றப் பாதி காலடி மண்ணிலும், வாகனத் தரிப்பிடத்தின் மேல் நிற்கும் தொடர்மாடியிலும், வீதிக்கு அடியிலுள்ள குழாயிலும் இருக்கிறது.

கொழும்புக்கு இது தேவையா?

இலங்கை, புவித்தட்டுகள் ஒன்றையொன்று உரசும் விளிம்பில் இல்லை. 2004 நடுக்கத்தின் மையம் கொழும்பிலிருந்து சுமார் 1,800 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. அதனால் ஜப்பானைப்போல அடிக்கடி குலுங்கும் நாடல்ல இது. ஆனால் தட்டின் நடுப்பகுதியிலும் பழைய பிளவுகளில் அழுத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து ஒருநாள் விடுபடும். உறுதியான நிலம் என்று நம்பப்பட்ட தக்காணத்தில், மகாராஷ்டிராவின் கில்லாரியில் 1993 செப்டெம்பர் 30 அன்று நடந்தது அதுதான். அளவு 6.2 மட்டுமே, இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர்.

கொழும்புக்கும் ஒரு பழைய பதிவு உண்டு. 1615 ஏப்ரல் 14 அன்று நகரம் குலுங்கியதாகவும், 200 வீடுகள் இடிந்து 2,000 பேர் மாண்டதாகவும் போர்த்துக்கேயர் காலக் குறிப்பு சொல்கிறது. 200 வீட்டில் 2,000 பேர் என்ற கணக்கை அப்படியே விழுங்கத் தேவையில்லை. கடுமையாக ஏதோ குலுங்கியது என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம். அண்மையில் 2020இல் கண்டி விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டியும், 2023இல் புத்தலப் பகுதியிலும் சிறு அதிர்வுகள் வந்தன. இவற்றைப் பதிவுசெய்வது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம்; அதன் அதிர்வுமானி நிலையங்களில் ஒன்று பல்லேகலையில் இருக்கிறது.

அளவு ஒன்று, ஆட்டம் பல

செய்தியில் வரும் 8.6 போன்ற எண், நடுக்கம் பிறந்த இடத்தில் வெளிப்பட்ட சக்தியைக் குறிப்பது. ஒரு நடுக்கத்துக்கு ஓர் எண்தான். எண்ணில் ஒன்று கூடினால் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடும். உங்கள் வீடு எவ்வளவு ஆடியது என்பது வேறு கணக்கு. அது தூரம், ஆழம், மண், கட்டடம் ஆகியவற்றைப் பொறுத்து வீதிக்கு வீதி மாறும்.

நிலநடுக்க அலைகளில் வேகமாகப் படபடப்பவையும் உண்டு, மெதுவாக அசைபவையும் உண்டு. படபடப்பவை தூரம் செல்லச் செல்ல அடங்கிவிடும். மெதுவானவை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகும். கட்டடத்துக்கும் தனக்கென்று ஓர் ஆடும் நேரம் இருக்கிறது. மாடி ஒன்றுக்குப் பத்தில் ஒரு செக்கன் என்பது கரடுமுரடான கணக்கு: இரண்டுமாடி வீட்டுக்கு 0.2 செக்கன், பத்துமாடிக்கு 1 செக்கன், அறுபது மாடிக்கு ஐந்தாறு செக்கன். வந்த அலையின் நேரமும் கட்டடத்தின் நேரமும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். 2012இல் சுமாத்திராவிலிருந்து கொழும்பு வரை தப்பி வந்தவை மெதுவான அலைகளே. அவை உயர்ந்த கட்டடத்தைத் தேடிப் பிடித்து ஆட்டும். நிலத்தோடு ஒட்டிய வீட்டை விட்டுவிடும்.

இது சும்மா தலைசுற்றலோடு முடிகிற விஷயமல்ல. 2011 மார்ச் 11 ஜப்பான் நடுக்கத்தில், மையத்திலிருந்து 770 கிலோமீற்றர் தள்ளி ஒசாகாவில் நின்ற 256 மீற்றர் உயரக் கட்டடம் ஒன்றின் உச்சி, ஓர் அந்தத்திலிருந்து மறு அந்தம்வரை 2.7 மீற்றர் அசைந்தது. லிப்ட்டுகள் நின்று ஆட்கள் உள்ளே சிக்கினார்கள். காலிமுகத்திடலைச் சுற்றி எழுந்திருக்கும் கோபுரங்களில் வசிப்பவர்கள் மனதில் வைக்க வேண்டியது, தூரத்து நடுக்கத்திலும் லிப்ட்டில் ஏறக்கூடாது என்பது.

காலடி மண்

1985 செப்டெம்பர் 19 அன்று மெக்சிகோ நகரைச் சிதைத்த நடுக்கம் 350 கிலோமீற்றருக்கும் அப்பால், பசிபிக் கரையில் பிறந்தது. இடையிலிருந்த ஊர்கள் பல தப்பின, நகரம் தப்பவில்லை. அது பழைய ஏரிப்படுகைக் களிமண்ணின் மேல் எழுந்த நகரம். மென்மையான களி, வந்த அலையைப் பல மடங்கு பெருக்கி, ஏறத்தாழ இரண்டு செக்கனுக்கு ஒருமுறை ஆட வைத்தது. ஆறு முதல் பதினைந்து மாடிவரையான கட்டடங்களே அதிகம் விழுந்தன.

கொழும்பின் நிலமும் ஒரே மாதிரியானதல்ல. காலி வீதியை ஒட்டிப் பல இடங்களில் கபுக் எனப்படும் செம்மண் பாறை நல்ல அடித்தளம் தருகிறது. கிழக்கே போனால் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத் தாழ்நிலங்களில், அழுகிய தாவரம் மட்கிச் சேர்ந்த பீட் மண் பல மீற்றர் ஆழத்துக்கு இருக்கிறது. கட்டடக்காரர்கள் இதை இறங்கும் மண் என்றுதான் அறிவார்கள். அதிர்வைப் பெருக்கும் மண் என்பதும் அதன் குணமே.

கரையோர நகருக்கே உரிய ஆபத்து மண் திரவமாதல். வெள்ளவத்தைக் கடற்கரையில் அலை ஓய்ந்த ஈரமணலில் நின்று காலைத் தட்டித் தட்டிப் பாருங்கள்: நீர் மேலே கசியும், மணல் இளகும், பாதம் புதையும். நிலநடுக்கம் அதையே ஒரு நகரத்தின் அளவில் செய்கிறது. தளர்ந்த மணல், நிலமட்டத்துக்கு அருகில் நிலத்தடி நீர், போதிய நேரக் குலுக்கல் மூன்றும் சேரவேண்டும். குலுங்கும்போது மணற்துகள்கள் நெருங்கப் பார்க்கும். இடையிலுள்ள நீருக்கு வெளியேற நேரமில்லை. நீரின் அழுத்தம் ஏறித் துகள்களைப் பிரித்துவிடும். அதுவரை சுமைதாங்கிய நிலம் சில நிமிடங்களுக்குச் சேற்றுநீர்.

அப்போது கனமானவை அமிழும், வெற்றானவை மிதக்கும். ஜப்பானின் நீகாட்டாவில் 1964இல் நான்குமாடிக் குடியிருப்புகள் உடையாமலே சரிந்து படுத்தன. மனிதவாயில்கள் (மேன்ஹோல்), நிலத்தடித் தண்ணீர்த் தாங்கிகள், பெற்றோல் செட்டுகளின் தாங்கிகள் போன்றவை மேலே கிளம்பும். கிளம்பும்போது அவற்றோடு இணைந்த குழாய்கள் அறும். நிலத்தடித் தாங்கியை நிரப்பியே வைப்பதில் இதனால் இரட்டைப் பயன்: குடிக்கத் தண்ணீர், மிதக்காமல் இருக்கப் பாரம். ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, துறைமுக மேடை போல ஒரு பக்கம் நீருக்குத் திறந்த இடமாயின், இளகிய நிலம் அந்தப் பக்கமாக வழுகும். முகத்துவாரம், மட்டக்குளி, வெள்ளவத்தை வாய்க்கால் ஓரம் ஆகியவற்றில் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்.

கடலை நிரப்பிய நிலம் எல்லாம் மோசம் என்று முடிவுகட்டவும் வேண்டாம். 1995 ஜனவரி 17 நடுக்கத்தில் ஜப்பானின் துறைமுக நகரான கோபேயில் நிரப்பிய தீவுகள் பெருமளவு இளகின. ஆனால் முன்கூட்டியே அதிரவைத்தும் குத்தியும் மணலை இறுக்கிய பகுதிகள் அதே தீவில் மிகக் குறைவாகவே தாழ்ந்தன. 269 ஹெக்டெயர் துறைமுக நகரத்தில் இடம் வாங்குபவர் கேட்க வேண்டியதும், மணல் எந்த ஆழம்வரை எவ்வளவு இறுக்கப்பட்டது, சோதனை அறிக்கை எங்கே என்பதைத்தான்.

கீழ்த்தளத்தில் கார், மேலே ஆறு மாடி

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை ஒழுங்கைகளில் நடந்தால் ஒரே அமைப்புத் திரும்பத் திரும்ப வரும்: நிலமட்டத்தில் தூண்கள் மட்டும், இடையில் கார்கள், முதலாம் மாடியிலிருந்து செங்கல் அல்லது சீமெந்துக் கல் சுவர் நிறைந்த வீடுகள். இடநெருக்கடியில் இது புத்திசாலித்தனமான தீர்வு. நிலநடுக்கக் கண்ணால் பார்த்தால் இதைவிட மோசமான அமைப்பு குறைவு.

காரணம் இது. மேல்மாடிகள் சுவர்களால் விறைத்து ஒரே பெட்டியாக அசையும். நிலம் பக்கவாட்டில் நகரும்போது வளைய வேண்டியதெல்லாம் கீழ்த்தளத் தூண்களே. ஒவ்வொரு தூணிலும் அந்த வளைவு தலையிலும் அடியிலும் குவியும். அங்கே கொங்கிறீற் வெடித்து உதிரும், உள்ளே நெடுங்கம்பிகள் வெளிப்பக்கம் பிதுங்கும், தூண் குட்டையாகும். மேலுள்ள மாடிகள் பெரிதாகச் சேதமில்லாமலே ஒரு தளம் கீழே இறங்கி உட்காரும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நடந்த பூஜ் நடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் இப்படி விழுந்தவை பெரும்பாலும் கீழே வாகனத் தரிப்பிடம் வைத்த தொடர்மாடிகளே. அந்த நகரில் மட்டும் எழுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

தூணைக் காப்பாற்றுவது நெடுங்கம்பியின் தடிப்பு மட்டுமல்ல, அதைச் சுற்றிக் கட்டும் வளையம். தூணின் இரு முனைகளிலும் வளையங்கள் நெருக்கமாக, 100 மில்லிமீற்றர் அளவில் வரவேண்டும். வளையத்தின் நுனியை 90 பாகையில் மடித்து விட்டால், மேற்பூச்சு உதிர்ந்ததும் அது திறந்துகொள்ளும். 135 பாகைக்கு மடித்து உட்பக்கக் கொங்கிறீற்றுக்குள் செருக வேண்டும். கூடுதல் செலவு மிகக் குறைவு. கொங்கிறீற் போட்ட பிறகு பார்க்க முடியாது என்பதால்தான் இது தவறவிடப்படுகிறது. வீடு கட்டுகிறவர் தூணுக்குப் பலகை அடைக்குமுன் ஒருமுறை போய்ப் பார்த்தாலே போதும். மேசன் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

ஏற்கெனவே கட்டிய தொடர்மாடிக்கும் வழி உண்டு. வாகனம் நிறுத்தாத ஓரங்களில் இரு திசையிலும் கொங்கிறீற் சுவர் எழுப்பலாம், தூண்களுக்கு மேலுறை கட்டலாம், தூண்களுக்கிடையே குறுக்கு இரும்பு கொடுக்கலாம். எது பொருந்தும் என்பதைக் கட்டமைப்புப் பொறியியலாளர் கணக்குப் பார்த்துச் சொல்லவேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுவர் எழுப்பினால் கட்டடம் முறுக்கிக்கொண்டு ஆடும். செய்யாமல் விட்டதைவிடக் கேடு.

தீயும் தண்ணீரும்

1923 செப்டெம்பர் 1 அன்று தோக்கியோவையும் யொகோஹாமாவையும் நடுக்கம் தாக்கியது மதியம் 12க்கு இரண்டு நிமிடம் முன்பு. அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த வேளை. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலானோர் தீயில். கோபேயிலும் தீ பரவியது. நிலத்தடிக் குழாய்கள் உடைந்ததால் தீயணைப்பாளரின் குழாய்களில் நீர் வரவில்லை.

கொழும்புச் சமையலறைகளில் வழக்கமாக நிற்பது 12.5 கிலோ காஸ் சிலிண்டர். அது விழுந்தால் வெடிப்பதைவிட, ரெகுலேட்டர் பக்கத்தில் ஹோஸ் கழன்று கசிவதே அதிகம் நடக்கக்கூடியது. சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டுவது பத்து நிமிட வேலை. ஆட்டம் நின்றதும் ரெகுலேட்டரை மூடுங்கள். மணம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

கொழும்புக்கான குடிநீரில் பெரும்பங்கு களனி ஆற்றிலிருந்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. நகரின் பழைய பகுதிகளில் இன்னும் பிரித்தானியர் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள் உண்டு. வார்ப்பிரும்பு வளையாது, முறியும். நீர்க்குழாயும் கழிவுக்குழாயும் ஒரே வீதியில் முறிந்தால் அடுத்து வருவது வயிற்றோட்டம். தொடர்மாடியில் இன்னொரு சிக்கல்: மின்சாரம் இல்லையென்றால் பம்பு இல்லை, மேல்தாங்கி வற்றும். 1,000 லீற்றர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன் எடை. அது கூரையில் கட்டப்படாமல் நின்றால் ஆட்டத்தில் இடம்பெயர்ந்து குழாயை அறுத்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் என்று மூன்று நாளுக்கு வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது.

கடல்

கடலடித் தரை மேலும் கீழுமாக நகர்ந்தால்தான் மேலுள்ள நீர் முழுவதும் தூக்கப்பட்டுச் சுனாமி பிறக்கும். 2004இல் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குத் தரை அப்படி உயர்ந்தது. 2012இல் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. நீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. அளவு எட்டுக்கு மேலிருந்தும் அலை சிறுத்தது அதனால்தான். ஆனால் முதல் நிமிடங்களில் எந்த வகை நகர்வு என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எனவே அன்று எச்சரிக்கை விடுத்தது சரியே. ‘பொய் எச்சரிக்கை’ என்று சலித்துக்கொண்டவர்கள் அடுத்த முறை ஓடாமல் நிற்பார்கள் என்பதுதான் கவலை.

ஆழ்கடலில் சுனாமியின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு சுமார் 700 கிலோமீற்றர். 10 மீற்றர் ஆழத்தில் சுமார் 36. வேகம் குறையும்போது பின்னால் வரும் நீர் குவிந்து உயரம் கூடும். 2004 டிசம்பர் 26 காலை 6.59க்கு (இலங்கைக் கடிகாரம் அப்போது இப்போதையதைவிட அரைமணி முன்னே ஓடியது) நடுக்கம். கிழக்குக் கரைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் அலை வந்தது. தீவின் தெற்கு முனையைச் சுற்றி வளைந்து அது மேற்குக் கரைக்கும் வந்தது. வளைந்ததில் சக்தி குறைந்ததால் கொழும்பு ஓரளவு தப்பியது. தெற்கே பெரலியவில், கொழும்பிலிருந்து போன ரயில் முதல் அலையில் நின்றுவிட, பாதுகாப்பென்று நம்பி ஊரவரும் அதில் ஏறினார்கள். அடுத்து வந்த பெரிய அலையில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். சுனாமி ஓர் அலையல்ல, பல மணித்தியாலம் தொடரும் வரிசை. முதலாவதே பெரியதாக இருக்கும் என்ற விதியும் இல்லை. களுத்துறையில் கடல் நெடுந்தூரம் பின்வாங்கியதைச் செய்மதிப் படமே காட்டியது. கடல் உள்ளே போனால் மீன் பொறுக்கும் நேரமல்ல அது.

கொழும்பு எப்போதும் தீவின் மறைவில் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். அரபிக் கடலின் வடக்கே மக்ரான் கரையில் 1945 நவம்பரில் 8.1 அளவு நடுக்கமும் சுனாமியும் ஏற்பட்டன. அந்தத் திசை மேற்குக் கரைக்குத் திறந்தது.

ஓடுவதென்றால் கடலுக்குச் செங்குத்தாக, கிழக்கே. வெள்ளவத்தையிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையால் பாமன்கடைப் பக்கம், பம்பலப்பிட்டியிலிருந்து ஹெவ்லொக் வீதிப் பக்கம். மரைன் டிரைவிலோ ரயில் பாதையிலோ தெற்கு வடக்காக ஓடுவது கடலோடு சேர்ந்து ஓடுவது. வாய்க்கால் ஓரத்தையும் தவிர்க்கவும். சுனாமி வாய்க்கால் வழியே உள்ளே வெகுதூரம் ஏறும். காரை எடுத்தால் காலி வீதிச் சந்தியில் நெரிசலில் நிற்பீர்கள். தூரம் நடக்க முடியாதவர்கள் உறுதியான கொங்கிறீற் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மேல் ஏறலாம். எச்சரிக்கை நீங்கியதா என்று அறிய அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

துறைமுகம்

உயிரிழப்புக்கு அடுத்தபடி, ஒரு கரையோர நகரத்தின் எதிர்காலத்தையே மாற்றக்கூடிய சேதம் இங்கேதான். கோபேயில் துறைமேடைகளின் பெரும் கொங்கிறீற் பெட்டிகள் கடல்பக்கமாகச் சில இடங்களில் 5 மீற்றர்வரை நகர்ந்தன. பின்னாலிருந்த நிலம் தாழ்ந்தது. பாரந்தூக்கிகளின் தண்டவாளங்கள் விலகிப்போக, அவற்றின் கால்கள் அகன்று மடிந்தன. மேடைகளை இரண்டு ஆண்டுகளில் திருப்பிக் கட்டினார்கள். உலகில் ஆறாவது பெரிய கொள்கலன் துறைமுகமாக இருந்த கோபே அந்த இடத்துக்குத் திரும்பவேயில்லை. கப்பல் மாற்றிச் செல்லும் கொள்கலன்கள் தென்கொரியாவின் பூசான் போன்ற துறைகளுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டன. கொழும்பும் முதன்மையாகக் கப்பல் மாற்றும் துறைமுகம். இந்தச் சரக்குக்குக் கொழும்பில் இறங்கியே ஆகவேண்டிய கட்டாயமில்லை.

அலை உயரமில்லாவிட்டாலும் துறைமுகத்துக்குள் நீரோட்டம் கடுமையாகும். 2004இல் ஓமானின் சலாலாவில் 285 மீற்றர் நீளக் கொள்கலன் கப்பல் ஒன்று கட்டுக்கயிறுகளை அறுத்துக்கொண்டு மணிக்கணக்கில் சுழன்றது.

நாட்டுக்கு வரும் பருப்பு, மருந்து, எரிபொருளில் பெரும்பகுதி கொழும்பு வழியே இறங்குகிறது. துறைமுகத்திலிருந்து கொலன்னாவைத் தாங்கிகளுக்கு எண்ணெய் போவது குழாய் வழியாக, அதுவும் மென்மண் ஊடாக. 2010இல் ஹெயிட்டித் தலைநகரின் துறைமுகம் சரிந்தபோது, நிவாரணக் கப்பல்கள் வந்தும் சரக்கை இறக்க வழியின்றி நின்றன.

ஆட்டத்தின்போதும் அதன் பிறகும்

உள்ளே இருந்தால் குனிந்து, உறுதியான மேசைக்கடியில் போய், அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படிக்கட்டில் ஓடுவதில்தான் பலர் விழுகிறார்கள்; வாசலில் கண்ணாடியும் ஏசி இயந்திரமும் மதில்முகப்பும் தலையில் விழும். வெளியே இருந்தால் கட்டடத்தையும் மின்கம்பியையும் விட்டு விலகி நில்லுங்கள். கடற்கரைக்கு அருகில் நிற்க முடியாத அளவு ஆட்டமோ, 20 செக்கனுக்கு மேல் நீளும் ஆட்டமோ வந்தால், நின்றதும் எச்சரிக்கைக்குக் காத்திராமல் கிழக்கே நடையைக் கட்டுங்கள். 2018 செப்டெம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் பாலு நகரில் அலை சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது.

திரும்பி வீட்டுக்குள் போகுமுன் கீழ்த்தளத் தூண்களைப் பாருங்கள். பூச்சில் மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் தோல்காயம். சுவரில் மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல வெடித்திருந்தால் கட்டடம் கடுமையாக வேலைசெய்திருக்கிறது, பொறியியலாளர் பார்க்கவேண்டும். தூணிலேயே சரிந்த வெடிப்போ, கொங்கிறீற் உதிர்ந்து கம்பி தெரிவதோ, கதவுகள் புதிதாக இறுகிக்கொள்வதோ இருந்தால், சாமான் எடுக்கக்கூட உள்ளே போகக்கூடாது. பின்னதிர்வு முதல் நாளில்தான் அதிகம் வரும். முதல் ஆட்டத்தில் பாதி முறிந்த தூணுக்கு அதில் சிறியதொன்றே போதும்.